ரூபாய் சரிந்தால் வெளிநாட்டில் இருப்பவருக்கு லாபமா? ரேட் சொல்லாத கணக்கு

டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்தது என்று செய்தி வந்தால், இங்கே இருப்பவர்களுக்கு பெட்ரோல் விலை, மொபைல் விலை ஏறுமோ என்ற கவலை. துபாய், தோஹா, ரியாத், சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் அதே செய்தி வேறு மாதிரி ஓடும். "ரேட் ஏறிடுச்சு, இப்பவே அனுப்பிடலாமா? இல்ல, இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாமா?"

2025 டிசம்பரில் ஒரு டாலர் 90 ரூபாயைத் தாண்டியபோது இந்தக் கேள்வி மறுபடியும் சூடுபிடித்தது. 'வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கு ஜாக்பாட்' என்ற பேச்சும் கூடவே வந்தது. அது உண்மையா?

பாதி உண்மை. ரேட் ஏறினால், பணம் அனுப்பும் அன்றைக்குக் கையில் கூடுதல் ரூபாய் கிடைக்கும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பல வருஷம் உழைத்துச் சேர்க்கும் சேமிப்புக்கு அது லாபமா, நஷ்டமா என்பதை ரேட் முடிவு செய்வதில்லை. அந்தப் பணம் கடைசியில் எந்த நாட்டில், எந்தக் கரன்சியில் செலவாகப் போகிறது என்பதுதான் முடிவு செய்கிறது. இதைக் கவனிக்காமல் தினமும் ரேட்டை மட்டும் பார்ப்பதால் இழக்கும் பணம் கொஞ்சநஞ்சம் இல்லை.

முதலில், ரேட் ஏன் மாறுகிறது?

வளைகுடா நாடுகளின் கரன்சிகள் பெரும்பாலும் டாலரோடு கட்டிப்போடப்பட்டவை. ஒரு டாலருக்கு 3.6725 ஐக்கிய அரபு அமீரக திர்ஹாம். ஒரு டாலருக்கு 3.75 சவுதி ரியால். கத்தார் ரியால் 3.64. பல வருஷங்களாக இந்த எண்கள் மாறவில்லை. குவைத் மட்டும் தன் தினாரைப் பல கரன்சிகள் கொண்ட ஒரு தொகுப்போடு இணைத்து வைத்திருக்கிறது.

அதனால் 'திர்ஹாம் ஏறிடுச்சு' என்று சொல்வது சரியான வார்த்தை இல்லை. திர்ஹாம் அதே இடத்தில்தான் நிற்கிறது. டாலருக்கு எதிராக ரூபாய் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். டாலர் 75 ரூபாயாக இருந்தபோது ஒரு திர்ஹாமுக்கு 20 ரூபாய் 42 காசு. 90 ரூபாய் ஆனபோது 24 ரூபாய் 50 காசு.

சிங்கப்பூரின் கதை வேறு. அங்கே மத்திய வங்கியே, முக்கிய வர்த்தக நாடுகளின் கரன்சி தொகுப்புக்கு எதிராகத் தன் டாலரை ஒரு வரம்புக்குள் நகர விடுகிறது. மலேசிய ரிங்கிட், பிரிட்டிஷ் பவுண்டு, ஜப்பானிய யென் எல்லாம் சந்தையின் போக்கில் ஏறி இறங்குபவை. ஆக, துபாயில் இருப்பவருக்கு இருக்கும் ரிஸ்க் ரூபாய் பக்கம் மட்டும். லண்டனிலோ டோக்கியோவிலோ இருப்பவருக்கு இரண்டு பக்கமும் ரிஸ்க்.

கையில் வருவது கூடுது... வாங்குவது?

ஒரு சின்ன கணக்கு. துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் மாதம் 2,000 திர்ஹாம் வீட்டுக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2015 தொடக்கத்தில் டாலர் சுமார் 62 ரூபாய். அன்றைய கணக்கில் அவர் வீட்டுக்கு வந்தது சுமார் 33,760 ரூபாய். டாலர் 90 ஆனபோது அதே 2,000 திர்ஹாம், சுமார் 49,000 ரூபாய். 45 சதவீதம் கூடுதல். பார்க்க ஜோராக இருக்கிறது.

ஆனால் அதே காலத்தில் இந்தியாவின் சில்லறை விலைக் குறியீட்டெண் 60 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருக்கிறது. அதாவது, 2015-ல் 33,760 ரூபாயில் நடந்த குடும்பத்துக்கு இப்போது குறைந்தது 54,000 ரூபாய் தேவை. வருவதோ 49,000. மாதம் 5,000 ரூபாய் துண்டு விழுகிறது.

ரேட் ஏறிக்கொண்டே வந்த பத்து வருஷத்தில், சம்பளம் ஏறாத ஒருவரின் குடும்பம் உண்மையில் பின்னால்தான் போயிருக்கிறது. கட்டடத் தொழிலாளி, டிரைவர், கடை ஊழியர், கிளீனர் என்று சம்பளம் பெரிதாக ஏறாத வேலைகளில் இருப்பவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய சம்பள உயர்வின் இடத்தில், ரூபாயின் சரிவு வந்து உட்கார்ந்துகொண்டது. 'ரேட் நல்லாதானே இருக்கு' என்ற சமாதானத்தில் அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

பழைய சேமிப்பு என்ன ஆகிறது?

ரேட் ஏறும்போது எல்லோரும் அனுப்பப்போகும் பணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஏற்கெனவே அனுப்பி, ரூபாயாக மாற்றி, இந்திய வங்கியில் போட்டு வைத்த பணத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. வெளிநாடு வாழ் இந்தியர்கள் இந்திய வங்கிகளில் வைத்திருக்கும் டெபாசிட் 160 பில்லியன் டாலருக்கு மேல். அதில் பெரும்பகுதி ரூபாய்க் கணக்குகளில்தான் இருக்கிறது.

2015 தொடக்கத்தில் ஒரு லட்சம் திர்ஹாமை ரூபாயாக மாற்றினால் 16 லட்சத்து 88 ஆயிரம். அதை ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் பதினொரு வருஷம் விட்டிருந்தால், சுமார் 35 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். பணம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது!

ஊரில் வீடு கட்டவோ, பிள்ளையைக் கோவையில் கல்லூரியில் சேர்க்கவோ அந்தப் பணம் என்றால் இந்தக் கணக்கு சரி. ஆனால் பிள்ளை கனடாவில் படிக்கப் போகிறார், அல்லது குடும்பமே வெளிநாட்டில் வீடு வாங்கப் போகிறது என்றால், அதே 35 லட்சத்து 50 ஆயிரத்தை டாலர் 90 ரூபாய் ரேட்டில் திரும்ப திர்ஹாமாக மாற்ற வேண்டும். கிடைப்பது சுமார் 1 லட்சத்து 45 ஆயிரம் திர்ஹாம். ஆண்டுக்கு 7 சதவீதம் என்று நினைத்த வட்டி, திர்ஹாம் கணக்கில் மூன்றரை சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மீதியை ரூபாயின் சரிவு சாப்பிட்டுவிட்டது.

இந்திய வங்கி வட்டி வெளிநாட்டு வங்கி வட்டியைவிட அதிகமாக இருப்பது சும்மா கிடைக்கும் சலுகை இல்லை. ரூபாயின் மதிப்பு குறையலாம் என்ற ரிஸ்க்குக்கான கூலியும் அதில் சேர்ந்திருக்கிறது. அந்த வட்டியை முழு லாபமாக எண்ணுபவர், ரிஸ்க்கைக் கணக்கில் எடுக்காமல் கூலியை மட்டும் எண்ணுகிறார்.

சம்பளம் தரும் கரன்சியே சரிந்தால்?

'ரூபாய்தானே எப்பவும் விழும்' என்று நம்பியவர்களுக்கு 2016 ஒரு பாடம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதா என்று பிரிட்டன் அந்த ஜூன் மாதம் வாக்களித்தது. வாக்கு எண்ணிக்கை தொடங்கியபோது 1.50 டாலரை ஒட்டி இருந்த பவுண்டு, விடிவதற்குள் 1.33-க்கும் கீழே போனது. வாக்கெடுப்புக்கு முன் சுமார் 100 ரூபாயாக இருந்த பவுண்டு, அந்த வருஷக் கடைசியில் சுமார் 84. லண்டனில் சம்பளம் வாங்கி சென்னையில் வீட்டுக் கடன் கட்டியவருக்கு, அதே தவணைக்கு முன்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் பவுண்டு தேவைப்பட்டது.

யென் இதைவிட மெதுவாக, ஆனால் ஆழமாக இறங்கியது. 2021 தொடக்கத்தில் ஒரு யென் சுமார் 70 காசு. 2024 நடுவில் சுமார் 52 காசு. டோக்கியோவில் இருக்கும் ஐ.டி. ஊழியருக்கு, சம்பளம் ஒரு யென்கூடக் குறையாமல், ஊருக்கு அனுப்பும் தொகை கால்வாசி குறைந்தது.

மலேசியா ஒரே வருஷத்துக்குள் இரண்டு பக்கத்தையும் காட்டியது. 2024 பிப்ரவரியில் டாலருக்கு 4.80 ரிங்கிட்டை நெருங்கி, 1998 ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிறகான மோசமான நிலைக்குப் போன ரிங்கிட், செப்டம்பருக்குள் 4.1 அளவுக்குத் திரும்பி வந்தது. பிப்ரவரியில் பயந்துபோய் எல்லாவற்றையும் மாற்றியவருக்குத்தான் நஷ்டம்.

ரூபாயும் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை. 2017 தொடக்கத்தில் டாலருக்குச் சுமார் 68 ஆக இருந்த ரூபாய், அந்த வருஷக் கடைசியில் 64-ஐ ஒட்டி வலுவடைந்தது. 'இன்னும் ஏறும்' என்று வருஷம் முழுக்கக் காத்திருந்தவருக்குக் கடைசியில் குறைவாகத்தான் கிடைத்தது.

இலங்கை காட்டிய இரண்டு முகம்

ரேட் ஏறுவது வேறு, சேமிப்பு வளர்வது வேறு என்பதற்கு இலங்கையைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 2021 செப்டம்பரில் தொடங்கி ஆறு மாதம், அந்நாட்டின் மத்திய வங்கி டாலரை 200 முதல் 203 ரூபாய்க்குள் பிடித்து வைத்திருந்தது. வெளியே உண்டியல் வழியாக அனுப்பினால் அதைவிடக் கூடுதல் ரேட் கிடைத்தது. விளைவு, 2020-ல் 7.1 பில்லியன் டாலராக இருந்த வங்கி வழிப் பணவரவு, 2022-ல் 3.8 பில்லியனுக்கு இறங்கியது.

2022 மார்ச்சில் பிடியை விட்டதும் ரூபாய் சரிந்தது. மே மாதத்துக்குள் ஒரு டாலர் 360 ரூபாய். கையில் டாலர் வைத்திருந்தவருக்கு ரூபாய்க் கணக்கில் 80 சதவீதம் லாபம் போலத் தெரிந்தது. ஆனால் அந்த செப்டம்பரில் கொழும்பின் விலைவாசி, ஒரு வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிட ஏறக்குறைய 70 சதவீதம் அதிகம். உணவுப் பொருள்கள் மட்டும் 95 சதவீதத்துக்குப் பக்கத்தில். லாபம் போலத் தெரிந்ததை அரிசிக் கடையும் மருந்துக் கடையும் வாங்கிக்கொண்டன.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் முக்கியம். 2023 கடைசியில் டாலர் சுமார் 324 ரூபாய்க்கும், 2024 கடைசியில் 290-களுக்கும் இறங்கியது. ஆனால் ஏறிய விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 400 ஆகட்டும் என்று டாலரைப் பிடித்து வைத்திருந்தவர், குறைந்த ரேட்டில் மாற்றி, கூடிய விலையில் வாங்க வேண்டியதாயிற்று. மறுபக்கம், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ தன் வாழ்நாள் சேமிப்பை முழுக்க ரூபாயில் வைத்திருந்தவருக்கு, 2022-லேயே அதன் மதிப்பில் பெரும்பகுதி போய்விட்டது. முழுக்க டாலரும் ஆபத்து, முழுக்க ரூபாயும் ஆபத்து.

காத்திருந்தால் கிடைப்பது எவ்வளவு?

'ரேட் இன்னும் பத்துக் காசு ஏறட்டும், அப்புறம் அனுப்புறேன்.' பலரும் சொல்வது இது. 2,000 திர்ஹாமுக்குப் பத்துக் காசு கூடினால் கிடைப்பது 200 ரூபாய்.

இப்போது ஊரில் ரெண்டு வட்டிக்குக் கடன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாடு போக ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனே பலருக்கு அப்படித்தான். அனுப்ப வேண்டிய 49,000 ரூபாயை ஒரு வாரம் தள்ளிப்போட்டால், அந்தத் தொகைக்கு ஏறும் வட்டி சுமார் 229 ரூபாய். ரேட் அவர் நினைத்தபடியே ஏறினாலும் 29 ரூபாய் நஷ்டம். ஏறாவிட்டால் முழுசும் நஷ்டம்.

அதேசமயம் யாரும் பெரிதாகக் கவனிக்காத இன்னொரு ஓட்டை இருக்கிறது. செய்தியில் வரும் ரேட்டும், எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் ரேட்டும் ஒன்று இல்லை. செய்தியில் 24.50 இருக்கும்போது கவுன்ட்டரில் 24.20 கொடுத்தால், 2,000 திர்ஹாமுக்கு 600 ரூபாய் அங்கேயே போய்விடுகிறது. வருஷத்துக்கு 7,200. 'கட்டணம் இல்லை' என்ற போர்டு தொங்கும் இடத்தில்தான் இந்த வித்தியாசத்தைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். நாளைய ரேட் யார் கையிலும் இல்லை. ஆனால் இன்று எந்த இடத்தில் அனுப்புவது என்பது அனுப்புபவர் கையில் இருக்கிறது. இரண்டு ஆப்களைத் திறந்து, கட்டணமெல்லாம் போக வீட்டுக்கு எத்தனை ரூபாய் போய்ச் சேரும் என்ற ஒரே எண்ணை ஒப்பிட்டாலே போதும்.

எந்தப் பணத்துக்கு எந்தக் கணக்கு?

வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கு இந்திய வங்கிகளில் மூன்று வகைக் கணக்குகள் இருக்கின்றன. கரன்சி ரிஸ்க்கை யார் சுமக்கிறார் என்ற ஒரே கேள்வியோடு பார்த்தால் வித்தியாசம் புரியும்.

என்.ஆர்.இ.: வெளிநாட்டுச் சம்பளத்தை ரூபாயாக மாற்றிப் போடுவது. அசல், வட்டி இரண்டையும் தடையில்லாமல் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துப் போகலாம். இந்தியாவில் வட்டிக்கு வருமான வரி இல்லை. ஆனால் கரன்சி ரிஸ்க் முழுக்கக் கணக்கு வைத்திருப்பவர் தலையில். இந்தியாவில் செலவாகப் போகும் பணத்துக்கு ஏற்றது.

என்.ஆர்.ஓ.: ஊரில் வரும் வாடகை, பென்ஷன் போன்ற இந்திய வருமானத்துக்கு. வட்டிக்கு வரிப் பிடித்தம் உண்டு. வெளிநாட்டுக்கு எடுத்துப் போக ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் என்ற உச்சவரம்பும் உண்டு.

எஃப்.சி.என்.ஆர்.: டாலர், பவுண்டு, யூரோ போன்ற வெளிநாட்டுக் கரன்சியிலேயே ஒன்று முதல் ஐந்து வருஷம் வரை போடும் டெபாசிட். டாலரில் போட்டால் டாலரில் திரும்பக் கிடைக்கும். ரூபாய் எங்கே போனாலும் கவலையில்லை. இந்தியாவில் இதன் வட்டிக்கும் வெளிநாடு வாழ்பவர் வரி கட்ட வேண்டாம். பின்னாளில் வெளிநாட்டுச் செலவு இருப்பவர்களுக்கு ஏற்றது.

அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் வசிப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தியாவில் வரி இல்லாத வட்டிக்கு அங்கே வரி இருக்கலாம். நிரந்தரமாக ஊர் திரும்புபவர்கள், எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டை அதன் முதிர்வுக் காலம் வரை தொடரலாம். அதன் பிறகு ஆர்.எஃப்.சி. என்ற கணக்கில் வெளிநாட்டுக் கரன்சியாகவே வைத்திருக்கவும் வழி உண்டு. இதைத் தெரியாமல், திரும்பி வந்த வாரமே எல்லாவற்றையும் அன்றைய ரேட்டில் மாற்றிவிடுபவர்கள் உண்டு.

கடன் வாங்கி டெபாசிட் செய்யலாமா?

ரூபாய் சரியும்போதெல்லாம் தலைகாட்டும் யோசனை இது. அங்கே குறைந்த வட்டிக்கு பெர்சனல் லோன் எடுத்து, இங்கே அதிக வட்டிக்கு ஃபிக்சட் டெபாசிட் போடுவது. 2013-ல் டாலர் 68 ரூபாயைத் தாண்டியபோது, ரிசர்வ் வங்கி எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டுகளுக்காக வங்கிகளுக்கு ஒரு சிறப்பு ஏற்பாடு செய்து கொடுத்தது. சில மாதங்களில் அந்த வகையில் மட்டும் சுமார் 26 பில்லியன் டாலர் வந்து குவிந்தது. அதில் கணிசமான பணம் வெளிநாட்டில் கடன் வாங்கிப் போடப்பட்டது. அது பலன் தந்ததற்குக் காரணம், கடனும் டாலர், டெபாசிட்டும் டாலர்.

சாதாரண ஊழியர் திர்ஹாமில் கடன் வாங்கி ரூபாயில் டெபாசிட் போடுவது அந்த மாதிரி இல்லை. ரூபாய் மேலும் சரிந்தால், டெபாசிட்டைத் திரும்ப எடுத்தாலும் கடன் அடையாது. வேலையும் போனால்? வளைகுடாவில் வேலை போனால் விசாவும் கூடவே போகும். கடன் மட்டும் அங்கேயே நிற்கும்.

நேர்மாறாக, கடன் ரூபாயில், சம்பளம் வெளிநாட்டுக் கரன்சியில் என்றால் ரூபாய் சரிவது உண்மையிலேயே நல்ல நேரம். கல்விக் கடன், வீட்டுக் கடன் எதுவானாலும் அந்த மாதம் கூடுதலாகக் கிடைப்பதைக் கடனில் கட்டிவிட்டால், ரேட் பிறகு இறங்கினாலும் அந்த லாபத்தை யாரும் பறிக்க முடியாது. 'ஜாக்பாட்' என்ற வார்த்தை ஓரளவு பொருந்துவது இந்த ஒரு இடத்தில்தான்.

யார் என்ன செய்ய வேண்டும்?

ரிசர்வ் வங்கியின் கணக்கெடுப்பின்படி, 2023-24-ல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பணம் சுமார் 119 பில்லியன் டாலர். அதில் பத்தில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கு வருகிறது. மகாராஷ்டிரா, கேரளாவுக்கு அடுத்த இடம். இவ்வளவு பெரிய பணத்தை அனுப்புபவர்களுக்கு, ரேட்டைத் தவிர வேறு எதையும் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. ரூபாய் சரியும் வாரங்களில் வங்கிகளின் விளம்பரம் 'இப்போதே அனுப்புங்கள்' என்று சொல்கிறது. அந்தப் பணம் எதற்கு என்று கேட்பதில்லை.

மூன்று விஷயங்கள் மாற வேண்டும். ஒன்று, பணம் அனுப்பும் ஒவ்வொரு இடத்திலும், சந்தை ரேட், கொடுக்கும் ரேட், கட்டணம், போய்ச் சேரும் தொகை ஆகிய நான்கும் ஒரே திரையில் காட்டப்பட வேண்டும். பணம் அனுப்பும் செலவை 2030-க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. உலக சராசரி இன்னும் 6 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது. இரண்டு, 2023 பிப்ரவரியில் இந்தியாவின் யு.பி.ஐ.யும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைக்கப்பட்டதுபோன்ற நேரடி வழிகள், தொழிலாளர்கள் அதிகம் இருக்கும் எல்லா நாடுகளுக்கும் விரிய வேண்டும். மூன்று, வேலைக்குப் போகும் முன் கொடுக்கப்படும் பயிற்சிகளில் விசா, சட்டம் சொல்லித் தருவதுபோல இந்தக் கரன்சி கணக்கையும் தமிழில் சொல்லித் தர வேண்டும்.

அதுவரை வெளிநாட்டில் இருப்பவர் செய்யக்கூடியது எளிமையானது. மாதச் செலவுக்கும் கடனுக்கும் உரியதை, ரேட் பார்க்காமல் சம்பளம் வந்ததும் அனுப்பிவிடுவது. ஊரில் செலவாகப் போகும் சேமிப்பை ரூபாயில் வைப்பது. வெளிநாட்டில் செலவாகப் போவதை அந்தந்தக் கரன்சியிலேயே வைப்பது. எங்கே செலவாகும் என்றே தெரியாத பணத்தை இரண்டிலும் பிரித்து வைப்பது. பெரிய தொகையை மாற்ற வேண்டியிருந்தால் ஒரே நாளில் மாற்றாமல் நான்கைந்து தவணையாக மாற்றுவது. வேலையை விடும்போது வரும் கிராஜுவிட்டிக்கும் இதே விதிதான்.

ரேட் 90 ஆனாலும் 95 ஆனாலும், திரும்ப 85-க்கே வந்தாலும், இந்தப் பட்டியலில் ஒரு வரியும் மாற வேண்டியதில்லை. தினமும் காலையில் ரேட் பார்க்கும் பழக்கம் போகாது, போகவும் வேண்டாம். ஆனால் அதற்கு முன் ஒரு தடவையாவது, 'இந்தப் பணம் எங்கே செலவாகப் போகுது?' என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.